நாலாவது வேட்டு

அறுத்த வயலில் குப்புறக் கிடக்கிறேன். வாயில் மண். மஞ்சள் புடவை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. இழுத்துவிடக் கை வரவில்லை. மாலை மணி நாலு இருபத்தைந்து. தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம். பிறகு தரை குதிக்கிறது.

"எந்திரிக்காத! படு! எல்லாரும் படு!"

தமிழில் ஒரு குரல். பர்மியில் ஒரு குரல். என் மகனைக் காணவில்லை. வேட்டுக் குழாய்கள் பக்கம் போனான். குண்டு அங்கேதான் விழுகிறது. திரும்பத் திரும்ப அங்கேயே விழுகிறது. தவழ்ந்து போகிறேன். யாரோ என் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். எட்டி உதைக்கிறேன்.

என் பேர் லட்சுமி. ரங்கூன்காரி. தாகேதாவில் வீடு. பபேடான் தெருவோரத்தில் காலையில் இட்லிக் கடை போடுகிறேன். என் வீட்டுக்காரர் கோ வின். பர்மாக்காரர், புத்தரைக் கும்பிடுகிறவர். போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு இறக்குகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, குமார். பத்தொன்பது வயது. தமிழில் சொன்னால் புரியும். பதில் பர்மியில்தான் வரும்.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிற சட்டம் வந்தது. எங்கள் வார்டு ஆபீசில் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். சீட்டு வந்தவன் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் போனான். இன்றுவரை அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். என் பிள்ளை பட்டாளத்துக்குப் போகக் கூடாது தாயே, அவனும் நானும் வந்து தீ மிதிக்கிறோம் என்று. அவன் சீட்டு வரவில்லை.

அந்த அம்மன் இருப்பது நான் பிறந்த ஊரில். பெகு பக்கம், நெல் வயலுக்கு நடுவே ஒரு தமிழ்க் கிராமம். கோ வின் வேண்டாம் என்றார். வழியெல்லாம் சோதனைச் சாவடி, ரங்கூனில் இல்லாத கோயிலா என்றார். எந்த அம்மனை வேண்டினேனோ அங்கேதான் மிதிப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பிடிவாதத்துக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே காட்டில் போராளிப் பிள்ளைகள். மேற்கே ஒரு மைலில் ராணுவ முகாம். நடுவில் நாங்கள். எங்கள் ஊரில் கரகம் கிளம்பும்போது மூன்று வாணவேட்டுப் போடுவது வழக்கம். இரும்புக் குழாயைத் தரையில் புதைத்து, தேங்காய் அளவு வேட்டை உள்ளே போட்டுத் திரி வைப்பார்கள். தென்னைக்கு மேலே எழும்பிப் போய் வெடிக்கும். வெடித்ததும் பெண்கள் குலவை போடுவோம். என் தம்பி செல்வம்தான் திரி வைக்கிறவன். அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிறான்.

இந்தக் காலத்தில் வேட்டுப் போட நாங்கள் என்ன முட்டாள்களா? கோயில் தலைவர் ரத்தினம், பர்மா மரியாதைக்கு ஊ ரத்தினம், முகாமுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். இன்ன தேதி, இன்ன மணி, மூன்று வேட்டு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. போன வருடமும் இப்படித்தான். வேட்டு முடிந்ததும் முகாம் சார்ஜண்ட் ஆள் அனுப்பிப் பொங்கல் வாங்கிக்கொண்டார். அவ்வளவு பழக்கம்.

நாலு பதினைந்து. முதல் வேட்டு. குலவை. நாலு பதினேழு. இரண்டாவது. குலவை. நாலு பத்தொன்பது. மூன்றாவது. கரகம் எடுத்தார்கள். உடுக்கை அடித்தார்கள்.

நாலு இருபத்திரண்டு. வயலின் கடைசியில் ஒரு வெடி. புழுதி எழும்புகிறது.

என்னோடு படித்த பாப்பாத்தி பக்கத்தில் நிற்கிறாள். அவளும் மஞ்சள் புடவை. சிரிக்கிறாள்.

"செல்வம் இன்னிக்கு நாலு போடுறான்டி!"

எல்லாரும் சிரித்தோம். குலவை போட்டோம். நானும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி, மூச்சு முட்டப் போட்டேன். எங்களைக் கொல்ல வந்த குண்டுக்கு நாங்கள் குலவை போட்டோம். குமார் மாமனைக் கிண்டல் பண்ணக் குழாய்ப் பக்கம் போனான். நான்தான் "போய்க் கேளுடா, எத்தனை வேட்டுடா வச்சிருக்கான்" என்று அனுப்பினேன்.

ஒரு நிமிஷம் இருந்தது. கால்வாய்க்குள் குதித்திருக்கலாம். எங்கள் ஊரில் குண்டுச் சத்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் குழந்தைகூடப் படுத்திருக்கும். அன்றைக்கு அது எங்கள் சாமியின் சத்தம் என்று நினைத்தோம்.

அடுத்த குண்டு குழாய்கள் மேலேயே விழுந்தது. மொத்தம் பதினொன்று. எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆறாவது விழும்போது ஊ ரத்தினம் அனுமதிக் கடிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முகாம் ரோட்டில் ஓடினார். எழுபது வயது மனிதர். எதிரே அந்தச் சார்ஜண்ட் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே ஓடி வந்தார். எட்டாவது குண்டு ரோட்டில் விழுந்தது. சார்ஜண்ட் எழுந்தார். ஊ ரத்தினம் எழவில்லை.

நாலு நாற்பதுக்குச் சத்தம் நின்றது. குமாரைக் கண்டுபிடித்தேன். உயிர் இருந்தது. "அம்மா, தண்ணி" என்றான். தமிழில் சொன்னான். என் தலைத்துண்டால் தொடையைக் கட்டினேன். என் தம்பியைப் பார்த்தேன். மூடத் துணி போதவில்லை.

டிராக்டரில் ஏற்றும்போது சார்ஜண்ட் வந்து குமாரின் ஒரு பக்கத்தைத் தாங்கினார். அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். கடிதம் கொடுத்தாயே பாவி, கடிதம் கொடுத்தாயே என்று உலுக்கினேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. பர்மியில் சொன்னார்:

"நாங்க சுடலம்மா. எட்டு மைல் தள்ளி இருக்கிற பீரங்கி. இது சாமி வேட்டுன்னு நான் கத்தினேன். மெஷின் காட்டுதுன்னு சொன்னாங்க."

மெஷின். வெளிநாட்டிலிருந்து வந்த ரேடார். எந்த நாடு என்று அவர் சொன்னார். நான் எழுதினால் நாளைக் காலையில் என் கதவைத் தட்டுவார்கள். வானத்தில் எழும்புகிற குண்டை அது பார்க்குமாம். எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று நொடியில் கணக்குப் போட்டுப் பீரங்கிக்குச் சொல்லுமாம். தென்னை உயரம் போன எங்கள் வேட்டையும் பார்த்தது. இடத்தைச் சரியாகத்தான் சொன்னது. ஓரடிகூடத் தப்பவில்லை. போன வருடம் வேட்டைக் காதால் கேட்டுச் சிரித்த முகாம்காரர்கள் இந்த வருடமும் ஒரு மைலில் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

விற்றவனைக் கேட்கிறேன். இதை இறக்கிவிட்டுப் போகும்போது உனக்குத் தெரியாதா, இதை யார் கையில் கொடுக்கிறாய் என்று? இங்கே தினம் தினம் பள்ளிக்கூடத்தில், மடத்தில், சந்தையில் குண்டு போடுகிறவன் கையில் கொடுத்தாய். குண்டிலிருந்து உயிரைக் காக்கிற கருவி என்று சொல்லித்தானே விற்கிறாய்? யார் உயிரை? நாசமாகப் போ. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கோ வின் இப்போது படகுத்துறையில் மூடின பெட்டி எதையும் தொட மறுக்கிறார். பாதி நாள் வேலை கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும் என்கிறேன்.

மறுநாள் ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். டிவி ஓடுகிறது. தீவிரவாதிகளின் மூன்று மோர்ட்டார் பீரங்கிக் குழாய்கள் அழிக்கப்பட்டன என்று செய்தி. பொதுமக்களுக்குச் சேதமில்லை. மூன்று குழாய். அது அவர்கள் கணக்கு.

என் கணக்கு இது.

செல்வம், என் தம்பி. முப்பத்தாறு வயது. பெண்டாட்டி ஆறு மாதக் கர்ப்பம்.

ஊ ரத்தினம். கடிதத்தை அவர் விரல்களிலிருந்து எடுக்க முடியவில்லை. அதோடு எரித்தார்கள்.

பாப்பாத்தி. அவள் மகள் செல்லம்மா, பதினொரு வயது. அம்மாவின் கையைப் பிடித்தபடி.

டாவ் சான். பக்கத்துப் பர்மா ஊர்க்காரி. தீ மிதிக்கிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வருடா வருடம் வருகிறவள். அவள் குடம் முழுசாக இருந்தது.

ஐந்து பேர். கோயில் கூரை. இரண்டு உழவு மாடு. அந்தத் தீக்குழியில் அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. அது தானாகவே அணைந்தது.

என் மகனின் இடது கால், தொடைக்குக் கீழே.

மூன்று மாதம் கழித்து வார்டு ஆபீசில் மறுபடியும் குலுக்கினார்கள். குமார் சீட்டு வந்தது. கூட்டிக்கொண்டு போனேன். கட்டையை ஊன்றி நின்றான். கிளார்க் நிமிர்ந்து பார்த்தான், பேனாவை எடுத்துப் பெயரைக் கோடு போட்டு அடித்தான். என் பிள்ளை பட்டாளத்துக்குப் போகவில்லை.