கடைசி வயலுக்கு ஒரு முறைத் தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே, எதிரே கூடியிருக்கும் விவசாயப் பெருமக்களே, முதல் வரிசையில் துயரத்தோடு இருக்கும் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கூடத்தில் நான் பேச எழுந்த நாளிலெல்லாம் ஒலிபெருக்கி கரகரக்கும். இன்று நன்றாக வேலை செய்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி நம்மை விரட்டியவர்தான் படமாகி மாலைக்குள் இருக்கிறார்.

நம் பாசனப் பொறியாளர். அலுவலகத்துக்கு அவர் பொறியாளர், நமக்குக் கம்பி சார். வேளாண் அலுவலராக அவரோடு நெடுங்காலம் வயல் வயலாய் அலைந்தவன் நான். இடுப்புயர இரும்புக் கம்பி ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், செடி வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் சாலில் அதைக் குத்திப் பார்ப்பார். நனைந்த மண்ணில் இறங்கும். காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். அதிகாரிகள் வாய்க்காலின் தலைப்பில் பார்த்துவிட்டு வண்டி ஏறுவார்கள். இவர் மட்டும் கடைசி வயலின் கடைசிச் சாலிலிருந்து தொடங்குவார். எந்த வேலையிலும் கம்பி நீட்டாத மனிதர், இப்போது நீட்டிவிட்டார்.

நம் பழக்கம் என்ன? சாலின் கடைசியில் தண்ணீர் மினுங்கியதும் மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. அவர் கேட்பார்: "மினுக்கத்தைப் பார்த்துட்டு மூடிட்டீங்களே, வேர் மினுக்கத்தையா குடிக்கும்? முதல்ல வேகமா விடுங்க. கடைசியைத் தொட்டதும் பாதியாக் குறைச்சு ஊற விடுங்க."

நம் தலைவர் ஒருமுறை, "சொட்டுநீர் போட்டா இந்தத் தொல்லையே இல்லையே சார்" என்றார்.

"தாராளமாப் போடுங்க. அதுலதான் தண்ணி ரொம்ப மிச்சம். ஆனா நம்ம வாய்க்கால் தண்ணி கலங்கல். தினம் வடிகட்டி கழுவ நீங்க போவீங்களா, மச்சானை அனுப்புவீங்களா?"

"அப்ப தெளிப்பான்?"

"இந்தக் காத்துல பாதித் தண்ணி பக்கத்து வயலுக்குப் போகும். பங்காளி சந்தோஷப்படுவாரு."

சிரித்தோம். வயல் முழுக்கத் தேக்குவது மேலே இருப்பவருக்கு மட்டும் சுலபம் என்றார். சால் பாசனத்துக்குப் பெரிய செலவில்லை, ஆனால் ஆள் கூடவே நிற்க வேண்டும் என்றார். அவர் நின்றார். நாம் நின்றோமா?

சலிப்போடுதான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லவர்கள் போனால் நாம் அழகாகப் பேசுகிறோம். பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. அவர் படுக்கையில் விழுந்ததும் மேல்வயல்காரர்கள் என்ன செய்தீர்கள்? பழையபடி தேக்க ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "கடைசி வயலுக்குத் தண்ணி போச்சா?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, நம் அண்ணிதான் சொன்னார்: "போகலைங்க. நீங்க படுங்க."

படுக்கவில்லை. எழப் பார்த்தார். முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

கடைசி வயல் அக்கா இன்று இங்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? அவருடைய பருத்தி பூத்து நிற்கிறது. வாய்க்காலில் நமக்கு விட்ட இந்த முறைத் தண்ணீர் இன்று பொழுது சாய்வதற்குள் முடிகிறது. இது தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும். இந்த வருஷம் அவருக்கு அவ்வளவுதான். நாம் இங்கே கம்பி சாரைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, அந்த அம்மாள் வறண்ட வாய்க்காலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் எங்கே? உங்கள் வயல்களில் தேங்கி நிற்கிறது.

கம்பி சார் வேலையைத் தொடர்வோம் என்று நானும் உறுதி கூறலாம். நாளை முதல் என்று கூறினால் சுலபம். இன்றே என்று கூறுகிறேன்.

மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்பது முறை. எழுந்திருங்கள், ஆனால் இங்கே நிற்க வேண்டாம். போய் அவரவர் மடையை அடைத்துவிடுங்கள். நான் வாய்க்கால் கரையோடு கடைசி வயல் வரை நடக்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது என்று அக்கா சொன்ன பிறகு, எல்லோரும் இங்கே திரும்பி வந்து உட்கார்ந்து அழுவோம்.