பேட்டரி இறங்கிய இரண்டு நாள்

நாமக்கல் போகும் பேருந்தில், புதுச்சத்திரம் தாண்டியதும் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு லாரி பேட்டரி மறுக்காச் செத்துப்போகோணுங்க்கா."

என் கையிலிருந்த புத்தகத்தில் அதற்குமேல் ஒரு வரியும் ஏறவில்லை.

"ஏஞ்சாமி, வாயில நல்ல வாக்கே வராதா?"

"புது ஊட்டுக்கு இன்னும் கரண்ட் வரலைங்க்கா. லாரி இன்வெர்ட்டர்ல இருந்து ஒயரை இழுத்துத்தான் ட்ரில்லு ஓட்டறாரு. மாசத்துக்கு ஒரு நாள் வருவாரு, செவுத்துல நாலு ஓட்டை போடுவாரு, லோடு ஏத்தப் போயிருவாரு. போன தடவை இஞ்சினை ஆஃப் பண்ணிப்போட்டு மெசினை ஓட்டுனாரு. பேட்டரி எறங்கிருச்சு. கழட்டிக் கொண்டுபோயி சார்ஜ் போட்டு எடுத்தார ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளும் எங்கூட உக்காந்து சோறு உண்டாருங்க்கா."

நான் இருபது வருடமாகப் பேட்டரி செத்த லாரி போல வீட்டிலேயேதான் நிற்கிறேன். அதற்காக யாரும் வேண்டிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

"இந்தத் தடவை உசாரா இருப்பாரே, சாமி?"

"ஆமாங்க. நாளைக்கு வாராரு. 'நான் ஓட்டை போட்டு முடிக்கற வரைக்கும் நீ கேபின்ல உக்காந்து இஞ்சின் நிக்காமப் பாத்துக்க'ன்னு சொல்லிப்போட்டாரு. சாவி எங்கிட்டத்தான்."

"அடியே! நீ நிறுத்துனா அவரு காதுல உழுகாதா?"

"உழுகுமுங்க. உழுந்தும் பேசாம இருக்காரான்னுதான் பாக்கோணும்."