சீமோன் காத்த சத்தியம்

மடு மாதா மீது செய்த ஒரு சத்தியத்தின் விலை பதினொரு கொம்பியூட்டர். நான் கேட்ட விலையல்ல, பொலிஸ் ஐயா; அவன் சொன்ன விலை. வெக்ஸ்போர்ட்டில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருப்பவன் வாடிக்கையாளரின் விலையைக் காது கொடுத்தாவது கேட்கவேண்டும்.

எமில்டா என் கடையில் செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்கு வந்து பில் தட்டுவாள். புருஷனுக்குப் பயந்து நகரின் மறுகோடி ரெக்ஸ்டேலிலிருந்து ஓடிவந்தவள். சேர்ந்த அன்றே மாதா படத்தின் முன் என்னை நிறுத்தினாள்.

"சீமோன் அண்ணை, நான் இங்கை நிக்கிறது உங்கடை வாயாலை வரக்கூடாது. தொட்டுச் சொல்லுங்கோ."

"வராது பிள்ளை."

பில் போடும் மெசினை ஓட்டுவது லினக்ஸ். திறந்தால் கறுப்புத் திரை. பெயரை நாமே தட்டவேண்டும். "பேய்வீடு மாதிரிக் கிடக்கு, ஒரு படம் கிடம் வராதோ அண்ணை?" என்று அவள்தான் நச்சரித்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை அவள் புருஷன் பஸ்ரியன் வந்தான். ஒரு கொம்பனிக் கந்தோருக்குச் சாமான் வாங்கும் வேலை அவனுக்கு.

"அண்ணை, அவள் எங்கையெண்டு உங்களுக்குத் தெரியும். பதினொரு கொம்பியூட்டர் எடுக்கிறன். அப்பவும் வாய் திறக்கமாட்டியளோ?"

"திறக்கமாட்டன் தம்பி. நாளைக்கு ஒண்டரைக்கு வந்து மெசினைப் பாருங்கோ."

அவன் போனபின் பில் மெசினின் தொடக்கக் கோப்பில் ஓர் இலக்கத்தை மாற்றினேன். மூன்று என்றால் கறுப்புத் திரை; அதை ஐந்தாக்கினால் படத்திரை. அவ்வளவுதான். ஐந்து என்றால், அந்த மெசினில் வேலை செய்பவர்களின் பெயர்களெல்லாம் திறந்தவுடனேயே திரையில் வரிசையாக நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் முகமும் போடலாம். வெறும் பெயர் வடிவாக இல்லை. எமில்டா வேலைக்குச் சேரும்போது தந்த படத்தை அவள் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன்.

செவ்வாய் ஒன்றரைக்கு அந்த பில் மெசினைத் திறந்துவிட்டேன். பஸ்ரியன் திரையைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். வருகிறவர்களுக்கு அது எங்கள் கடை வழக்கம். இரண்டு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது நான் பின்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் அதிக நேரம் கேட்கவில்லை.

நேற்று அவளுக்கு அடக்கம். மலர்வளையம் என் செலவு.

கணக்கைப் பார்த்துவிடுங்கள். கொடுத்த சத்தியம் ஒன்று. வாயால் மீறிய சொல் ஒன்றுமில்லை. அவள் கேட்ட படத்திரை, கொடுத்தாயிற்று. பஸ்ரியனை நீங்கள் உள்ளே போட்டுவிட்டதால் பதினொரு கொம்பியூட்டரும் கடையிலேயே கிடக்கின்றன. ஆக, இதில் நட்டப்பட்டவன் நான் ஒருவன்தான்.