நீர் இறங்குவதற்குள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் போதும், ஐயா. உங்கள் காகிதம் பறக்கிறது. நான் எங்கும் போகப்போவதில்லை, நிதானமாக எழுதுங்கள்.

பக்கத்து அறையில் காலையிலிருந்து உட்கார வைத்திருக்கிறீர்களே, சரக்குச் சரிபார்க்கும் அந்தப் பெண், அவளை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் பெயரில் பதிவு இருப்பது உண்மை. பதிந்தது அவள் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் யார்டு பிளானர். இருபத்தாறு வருடமாக. என் மனைவி கேட்பவர்களிடம், "அவர் பெட்டி அடுக்குறார்" என்று சொல்லிவிடுவாள். அதுவும் சரிதான். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் போய் உட்கார வேண்டும், அடுத்த கப்பலில் ஏறப்போவது எதற்கு மேல் இருக்க வேண்டும், இதெல்லாம் என் வேலை. அடியில் இருக்கும் ஒன்றை எடுக்க மேலே இருக்கும் நான்கைத் தூக்க வேண்டி வந்தால் என் கணக்கு தப்பு என்று அர்த்தம். ஒரு பெரிய கப்பல் வந்தால் ஒன்றரை நாளில் மூவாயிரம் பெட்டி ஏறி இறங்கும். செருப்பு, மருந்து, குழந்தைகளுக்கான பால் மாவு, கார் உதிரிப் பாகம். ஒரு கப்பல் தாமதமானால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பலும் தாமதமாகும். அதற்கடுத்த துறைமுகத்தில் அதற்கென்று ஒதுக்கிய நேரம் போய்விடும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் திருகாணி வராமல் முந்நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் மண்டையில் வைத்துக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் வேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கால்வாய் ஆழம் குறைவு. முழுச் சரக்கோடு இருக்கும் கப்பல் கடல் ஏறியிருக்கும்போதுதான் வெளியே போக முடியும். நீர் இறங்கிவிட்டால் அரை நாள் போச்சு.

இனி அந்தச் சோதனைக் கொட்டகை, பெட்டியைத் திறந்து சரக்கைச் சரிபார்க்கும் இடம். அங்கே ஆறு இடம்தான் உண்டு. தானியம், மரம் மாதிரியான சரக்கில் பூச்சி கொல்ல விஷ வாயு வைத்து மூடி அனுப்புவார்கள். கதவில் மண்டை ஓடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அப்படி ஒரு பெட்டி வந்தால் கதவைத் திறந்து ஒரு நாள் காற்றோட்டமாக விட வேண்டும். பிறகு மீட்டர்காரர் வந்து வாயு இல்லை என்று அளந்து சொன்ன பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். விதி அப்படி. ஆறில் மூன்று இடம் இப்படிச் சும்மா கிடந்தால் லாரி வரிசை வெளிக் கேட்டைத் தாண்டி ஊர் சாலைக்குப் போய்விடும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குவதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மீட்டர்காரருக்குக் காய்ச்சல். வரவில்லை. காற்றோட்டம் முடிந்தது என்று நானே பதிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. அதிலும் ஒன்றும் ஆகவில்லை. போகப்போக மீட்டர்காரரைக் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போனபோது வேலை நிற்கக் கூடாதென்று பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும் மாற்ற மறந்துவிட்டாள். நானும் நினைவுபடுத்தவில்லை. ஒரு தடவை வந்து கேட்டாள்.

"சார், நேத்து நான் லீவு. என் பேர்ல ரெண்டு பதிவு இருக்கே?"

"சிஸ்டம் கோளாறும்மா. நான் சொல்லிச் சரி பண்ணிடறேன்."

தலையாட்டிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள். கைக்குழந்தைக்காரி, அவளுக்கு நின்று பேச ஏது நேரம்? மொத்தம் இருநூற்றுப் பதினொரு பதிவு, ஐயா. உங்கள் ஆட்கள் நூற்றுத் தொண்ணூறு என்று எழுதியிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறந்துபோனவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. முப்பத்தொரு வயது. வேலையில்லாமல் எங்கள் வீட்டு சோபாவிலேயே படுத்துக் கிடந்தான். "சும்மா கிடந்தா கெட்டுப்போயிடுவான், உங்க இடத்துல ஏதாவது பாருங்களேன்" என்று இவள் நச்சரித்தாள். நான்தான் கொட்டகையில் சேர்த்துவிட்டேன். சோதனைக்கு மூட்டை இறக்கிக் காட்டும் வேலை. கலகலப்பானவன். ஒரு வருடத்தில் தலைவலி என்றான். பிறகு சாப்பிடும்போது தண்ணீர் டம்ளர் கையில் ஆடியது.

"கண்ணைக் காட்டுடா" என்றாள் அவன் அக்கா.

"ஆமா, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்" என்றேன் நான்.

நானே கடைக்கு அழைத்துப் போனேன். கண்ணில் குறை எதுவுமில்லை என்றார்கள். வெறுங்கையோடு திரும்புவானேன் என்று வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தத் தலைவலி எதனால் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். விதிப் புத்தகத்தின் நான்காவது பக்கத்தில் இருக்கிறது.

அன்று மதியம் ஒரு மணி. கப்பல் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது. கொட்டகையின் ஆறாவது இடத்தில் பயறு மூட்டை ஏற்றிய பெட்டி. காலையில்தான் வந்தது. பதினொரு மணிக்கே காற்றோட்டம் முடிந்தது என்று பதிந்திருந்தேன். கூட இருந்த இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மச்சினனை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சோதனைக்கு இருபது மூட்டையை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

"மாமா, கதவுல மண்டை ஓடு ஒட்டியிருக்கு. தேதி முந்தாநாள் போட்டிருக்கு."

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு."

"மீட்டர்காரர் வந்துட்டுப் போயிட்டாரா?"

"சிஸ்டத்துல முடிஞ்சதுன்னுதான் இருக்கு."

"சரி மாமா. நீங்க சொன்னா சரி."

நான் பொய் சொல்லவில்லை. சிஸ்டத்தில் அப்படித்தான் இருந்தது.

என் மேஜைக்கு எதிரே கேமராத் திரை. ஆறு மூட்டை கொண்டுவந்து வைத்தான். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். மறுபடி உள்ளே போனான். ஏழாவது மூட்டை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முழங்காலில் தவழ்ந்து வாசல்வரை வந்து அப்படியே குப்புற விழுந்தான். மணி ஒன்று இருபத்திரண்டு.

மேஜைக்கு அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சங்கு ஊதும். பெட்டி அடுக்கும் முற்றத்தில் ஓடுகிற எல்லா வண்டியும் நிற்கும், கிரேன்கள் தூக்கிய பெட்டியோடு அப்படியே நிற்கும். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடவிட முக்கால் மணி நேரம் ஆகும். கப்பலில் ஏற இன்னும் பதினான்கு பெட்டி இருந்தது. வழிகாட்டி மாலுமி ஏற்கெனவே மேல்தளத்துக்குப் போய்விட்டார். நீர் இறங்க ஆரம்பித்துவிடும்.

ஆம்புலன்ஸுக்காவது போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். ஆம்புலன்ஸ் முற்றத்தைக் கடந்துதான் வர வேண்டும். அதற்கும் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும். சாப்பிடப் போனவர்களை அனுப்பியிருக்கலாம். அவர்களும் வாயுவில் மாட்டிக்கொண்டால்? இன்னும் இரண்டு குடும்பம் தெருவில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பதினான்கு பெட்டிக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. நல்ல வேகம். கடைசிப் பெட்டி உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தினேன். ஒன்று நாற்பத்தொன்று. அவன் விழுந்த நேரம் ஒன்று நாற்பது என்று அறிக்கையில் எழுதினேன். கொட்டகையின் கேமராப் பதிவை அழித்தேன். அதன் நகல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் இன்னும் போய்க் கேட்கவில்லை. கேளுங்கள். எதையும் மறைத்துத் திரிய இனி எனக்குத் தெம்பில்லை. கப்பல் நேரத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். இவள் அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டப்பட்டானா?" என்று கேட்டாள்.

"இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகலை."

நகலைப் பார்க்கும்போது நீங்களே பார்ப்பீர்கள். விழுந்த பிறகு அவன் மூன்று தடவை கையைத் தூக்கினான், கேமரா இருக்கும் பக்கமாக. அந்தக் கேமரா வழியாகத்தான் நான் பார்ப்பேன் என்று அவனுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று நானே காட்டிக் கொடுத்திருந்தேன். நான் பார்த்துவிட்டேனா என்றுதான் கேட்டிருப்பான். மூன்றாவது தடவை ஒன்று முப்பத்தைந்துக்கு.

இதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம், ஐயா. வீட்டில் யார் மனசும் நோகக் கூடாது என்று பார்க்கிறவன் நான்.