அவன் கையை எடுத்த இடம்

முட்டைக்கோஸ் நறுக்குவதில் எங்கள் இருவரில் நான்தான் கெட்டிக்காரன். மினெகிஷி நறுக்கினால் விறகு பிளந்த மாதிரி இருக்கும். இருபது பேர் சாப்பிடும் சட்டியில் அப்படி ஒரு துண்டு யார் கிண்ணத்தில் விழுந்தாலும், அவர் முதலில் என்னைத்தான் முறைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் சமைக்க வேண்டும் என்பது எங்கள் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் வழக்கம். நான் ஏப்ரலில் சேர்ந்தேன், அவன் ஜூலையில். அந்த மூன்று மாதத்துக்காக அவன் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தான். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான். வயதில் ஐந்து வாரம் மூத்தவன் அவன்.

யோகோஹாமா ஆட்டத்தின் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். பதினான்காவது நிமிடத்தில் மினெகிஷி ஏன் கையை எடுத்தார்? இந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பத்திரிகைக்காரர்கள் வந்து போனார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு நல்ல கண். பதில் சொல்கிறேன். டீயை ஆறவிடாதீர்கள். அடுத்த நோயாளி நாலு மணிக்குத்தான்.

எங்கள் ஆட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கயிற்றில் ஓடித் திரும்புவது, மேலிருந்து குதிப்பது, முகமூடி போடுவது எதுவும் கிடையாது. உதைத்தால் உண்மையாகவே விழும். பிடித்தால் உண்மையாகவே வலிக்கும். ஆளுக்கு ஐந்து புள்ளி. அடிபட்டு விழுந்தால் ஒன்று போகும், பிடியிலிருந்து தப்பிக்கக் கயிற்றைத் தொட்டால் ஒன்று போகும். எல்லாம் உண்மை, முடிவு ஒன்றைத் தவிர. யார் ஜெயிப்பது, எந்த நிமிடத்தில், எந்த அடியில் என்பதைத் தலைவர் இகராஷி முந்தின நாளே சொல்லிவிடுவார். கேட்டு முடித்ததும் குனிந்து வணங்கிவிட்டு வருவோம்.

நான் பிடி போடுகிறவன், அவன் உதைக்கிறவன். எங்களை மோதவிட்டால் கூட்டம் வரும் என்று தலைவர் கண்டுபிடித்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை மோதினோம். உதைக்கிறவனை நான் கீழே தள்ள வேண்டும், தள்ளவிடாமல் அவன் என்னை உதைக்க வேண்டும். அவன் காலையில் நூறு தடவை என் தொடையில் உதைத்துப் பழகுவான், நான் மாலையில் நூறு தடவை அவன் மூட்டுகளைத் திருகிப் பழகுவேன். அவன் உடம்பில் எந்த எலும்பு எந்த இடத்தில் நிற்கும் என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்படி ஆடும்போது ஒரு சிக்கல் உண்டு. பிடி கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டால் என்ன செய்வது? தரையைத் தட்டினால் தோற்றதாகிவிடும். வாயால் சொன்னால் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் ஒரு சைகை வைத்துக்கொள்ளும். சிலர் இருமுவார்கள். எங்களுடையது அழுத்துவது. கை எங்கே பட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கே இரண்டு முறை அழுத்தினால், வலிக்கிறது, விடு என்று பொருள். பதிலுக்கு ஒருமுறை அழுத்தினால், புரிந்தது, விடுகிறேன் என்று பொருள். மினெகிஷிக்கு இந்தச் சைகையிலும் விளையாட்டுத்தான். ஒருநாள் பயிற்சியில் அவன் கழுத்தைப் பிடித்திருந்தேன். இரண்டு முறை அழுத்தினான், உடனே விட்டேன்.

"என்னடா, கழுத்தா?"

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல அண்ணே. காலைல பூண்டு தின்னீங்களா? மூக்குதான் தாங்கல."

நாலு வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்போம் என்று தெரியாது. ஒருமுறைகூட பதில் வராமல் போனதில்லை.

யோகோஹாமா ஆட்டம் நடந்த வருடம் அக்டோபரில், சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தோம். அதற்குள் எங்களுக்குக் கீழே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், நாங்கள் சமைக்கத் தேவையில்லை. இருந்தாலும் வியாழக்கிழமைகளில் நாங்கள்தான் சமைத்தோம். அவன் கத்தியை வைத்துவிட்டு, ஜனவரியில் ஹாலந்து போகப்போவதாகச் சொன்னான். அங்கே ஒரு உதைச்சண்டைக் கூடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், வரச்சொல்லிப் பதிலும் வந்திருக்கிறது. தலைவரிடம் சொல்லியாகிவிட்டது. என்னிடம் சொல்வதுதான் பாக்கியாம்.

"இங்க என்னடா குறை?"

"குறைன்னு இல்லண்ணே. அங்க முடிவை யாரும் பேசி வெக்க மாட்டாங்க. நான் நெஜமாவே பலசாலியான்னு ஒரு தடவையாச்சும் தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"தெரிஞ்சுக்கிட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன். நீங்க முட்டைக்கோஸை நறுக்கிட்டே கேளுங்க."

என்னையும் வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பிடி போடுகிறவனுக்கு அங்கே வேலை இல்லை என்பது நியாயம்தான். அன்று நான் மீதி முள்ளங்கி முழுவதையும் சீவி முடித்தேன். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவனைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செப்டம்பரில் ஒருநாள், சோற்றுக் கிண்ணத்தை எடுக்கப் போன அவன் கை ஒரு விரற்கடை தள்ளி, மேஜைமேல் விழுந்தது. இடது பக்கம். கண்ணில் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. நடந்தது ஒரே ஒரு தடவைதான், ஆனால் நாலு வருடமாகக் கவனிக்கிறவனுக்கு ஒரு தடவை போதும். இடது கண் சரியில்லாதவன் ஹாலந்தில் போய் நின்றால், வலது கைக்காரன் எவனாவது ஒருவன் அவனைக் கொன்றே போட்டுவிடுவான். டாக்டரிடம் காட்டச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவன்.

யோகோஹாமா ஆட்டம் டிசம்பர் பத்தாம் தேதி. அவனை வழியனுப்பும் ஆட்டம் என்பதால் தலைவர் நல்ல முடிவாகவே வைத்தார். பதினான்காவது நிமிடத்தில் நான் அவன் இடது காலைப் பிடித்துக் குதிகாலைத் திருக வேண்டும். அவன் ஊர்ந்துபோய்க் கயிற்றைத் தொட்டுப் புள்ளி இழப்பான். நொண்டிக்கொண்டே எழுவான். பதினாறாவது நிமிடத்தில் வலது காலால் என் தலையில் உதைப்பான். நான் விழுந்து பத்து எண்ணும்வரை எழக்கூடாது. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. அவனிடம் தோற்பது எனக்குப் பழக்கம். தலைவரின் அறை வாசலில் என் தோளைத் தட்டி, "மெதுவா விழுங்கண்ணே, ஜனவரில என்னை ஏத்திவிட விமான நிலையத்துக்கு நீங்கதான் வரணும்" என்றான்.

கேசட்டில் நீங்கள் பார்த்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று நிமிடமும் அவன் அவ்வளவு அழகாக ஆடினான். என் தொடை ஊதா நிறமாகிவிட்டது. பதினான்காவது நிமிடத்தில் காலைப் பிடித்தேன். கயிறு அவனுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. குதிகால் பிடியில் ஒரு கெட்ட குணம் உண்டு, திருகுவது குதிகாலை என்றாலும் போவது முழங்கால் மூட்டு, அது போன பிறகுதான் வலி வரும். அதனால் அந்தப் பிடியில் யார் மாட்டினாலும் முதலில் எதிராளியின் கைகளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவனும் எழுந்து உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்தான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. பிறகு திடீரென்று கைகளை எடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றுக்கு நீள்கிறான். அப்போதுதான் அந்தச் சத்தம். ஈரத் துண்டைக் கிழித்தால் வருமே, அப்படி.

அவன் கத்தவில்லை. கயிற்றைத் தொட்டான். நடுவர் ஒரு புள்ளி குறைத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் காலில் எழுந்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன், நீங்கள் பார்த்திருக்க முடியாது, கேமரா அந்தப் பக்கம் இல்லை. ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். ஆனால் முடிவைப் பேசிவைத்திருந்தோமே. பேசியது பேசியதுதான் அவனுக்கு. மூட்டு போன இடது காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்தபடி, மற்றக் காலால் உதைத்தான். என் தோளில் ஏதோ துணி பட்டதுபோல் இருந்தது. நான் விழுந்தேன். பத்து எண்ணும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜனங்கள் அழுதார்கள். நீங்கள் எல்லோரும் அதை வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டம் என்று எழுதினீர்கள். பதிவேட்டில் பாருங்கள், வெற்றி மினெகிஷிக்குத்தான். நானும் பேச்சை மீறவில்லை.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, சைகை ஏதாவது கொடுத்தானா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கட்டிலிலிருந்து மினெகிஷி முந்திக்கொண்டான்.

"அண்ணன் மேல தப்பில்ல தலைவரே. நான்தான் தப்பா திரும்பிட்டேன்."

தலைவரிடம் சொன்னாலும் பார்த்தது என்னைத்தான். அதன் பிறகு யார் கேட்டாலும் அவன் சொல்வது இதுதான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் இதையேதான் சொல்வான்.

நாலு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்த முழங்கால் பாதிதான் மடங்குகிறது. அவன் அப்பாவின் சாவுச் சடங்குக்குப் போயிருந்தேன். எல்லோரும் மண்டியிட்டு உட்கார்ந்திருக்க, மூத்த மகன் மட்டும் படத்துக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். நான் மூன்றாவது ஆளாகப் போனேன். என்னிடமும் கேட்டான்.

நான் அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டுவிட்டு, இந்த எலும்பு மருத்துவம் படித்தேன். யாருக்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மினெகிஷி கோஃபுவில் தன் மாமனாரின் பொதுக் குளியல் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான். உட்கார்ந்தே செய்கிற வேலை, உயர்ந்த நாற்காலி, காலை நீட்டிக்கொள்ள வசதி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நான் ரயிலில் போய், பின்னறையில் அவன் முழங்காலை நீவி மடக்கிவிட்டு வருகிறேன். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறான். இடது கண் அருமையாக இருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஹாலந்து போயிருந்தால் அந்தக் கண் இருந்திருக்குமா?

அவன் மனைவி ஃபுமியே ஒருமுறை என்னை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டாள். வழியில், "நீங்க வந்துட்டுப் போனா அவர் ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேசமாட்டார் ஹாசெபே அண்ணா" என்றாள். என்னைப் பிரிந்தால் அவனுக்கு அப்படி ஆகிவிடுகிறது. எனக்கும்தான்.

சரி, உங்கள் கேள்வி. அவன் ஏன் கையை எடுத்தான்?

என் கைகளைப் பிடித்திருந்தான் என்று சொன்னேன் அல்லவா. அது பிடியை விடுவிக்க அல்ல. நான் பேசிவைத்ததைவிட ஆழமாக இறக்கியிருந்தேன், அவனுக்கு அது தெரிந்துவிட்டது. என் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினான். அவசரமே இல்லாமல்தான் அழுத்தினான். பூண்டு நாற்றத்துக்கு அழுத்துவானே, அதே மாதிரி.

என் கையில் அவன் குதிகால் இருந்தது. நான் அதை ஒருமுறை அழுத்தினேன்.

அதனால்தான் கையை எடுத்தான். விடுகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன், அப்புறம் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? நிம்மதியாக முதுகைக் காட்டித் திரும்பினான். அவன் திரும்பிய திசைக்கு எதிராக நான் முழு பலத்தோடு திருகினேன். பிடி தவறவில்லை, கை வழுக்கவில்லை. எந்த நார் முதலில் போகும் என்று எனக்குத் தெரியும், அதுதான் முதலில் போனது. அந்த முடிவை நான் முள்ளங்கி சீவிய அன்றே எடுத்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக மினெகிஷிக்கு இது தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பாருங்கள், அந்த ஒருமுறை அழுத்தியது அவன் காலில்தானே.

போன மாதம் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். அவன் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டு முறை அழுத்தினான். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. பழைய நாட்களை நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒருமுறை அழுத்தினேன். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

வருகிற ஞாயிறு இரண்டாவது ஞாயிறு. டிக்கெட் எடுத்து வைத்துவிட்டேன்.