தொட்டியில மருந்து ஊத்தாத

ஏய், நில்லு நில்லு தாயி. அந்தத் தொட்டியில மட்டும் கொசு மருந்த ஊத்தாத. மொதல்ல கைய எடு. கோவிச்சுக்கிறாத, ஒன்னைய வையணும்னு கத்தல, எனக்குப் பதறிருச்சு. பாத்ரூம் தொட்டியப் பாரு, அடுப்படி அண்டாவப் பாரு, எங்கிட்டு வேணாலும் டார்ச் அடிச்சுப் பாரு. ஹால்ல இருக்குற இந்தக் கண்ணாடித் தொட்டி மூணையும் தொடக் கூடாது. அந்த மருந்து மீனுக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ, எனக்குத் தேவையில்ல. ஊத்தக் கூடாதுன்னா கூடாது.

என்னது, புகார் வந்திருக்கா? வந்திருக்கும். யாரு குடுத்ததுன்னு நீ சொல்ல வேணாம், ஒனக்கு எதுக்குப் பொல்லாப்பு. பக்கத்து வீட்டு ஆனந்த்ராஜுதான். அதோட அம்மாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். ஒடனே இந்தப் பொம்பள வீட்டுக்குள்ள கொசு வளக்குறா, தெருவுக்கே பத்து நாளைக்கு ஒருக்காத்தேன் தண்ணி வருது, அதையும் மீனுக்கு ஊத்தி வீணாக்குறான்னு எழுதிக் குடுத்திருக்கும்.

நானா வீணாக்குறேன்? வாரத்துக்கு ஒரு வாட்டி தொட்டிக்கு ரெண்டு கொடம் எடுப்பேன், ரெண்டு கொடம் ஊத்துவேன். எடுத்த தண்ணி அம்புட்டும் வாசல்ல நிக்கிற மல்லிக்குப் போகுது. நீ வரும்போது பாத்திருப்பியே, எப்படிப் பூத்துக் கெடக்குன்னு. உரமா வைக்கிறேன் நானு? மீன் கழிஞ்ச தண்ணி, அம்புட்டுத்தேன். அந்தத் தம்பி ஞாயித்துக்கெழம ஆனா காரக் குளுப்பாட்டுதே, அதுக்கு யாரு எழுதிக் குடுக்குறது?

உக்காரு. செத்த நேரம் உக்காரு. அட, ஒரு வீட்டுல அஞ்சு நிமிசம் உக்காந்தா ஒண்ணும் முழுகிப் போகாது. தீபாவா பேரு? கழுத்து அட்டையில போட்டிருக்கே. நான் பொன்னழகு. எங்க வீட்டுக்காரரு தங்கமுத்து, வேடசந்தூர்ல நூல்மில்லுல வேல. நீ வரக்கொள்ளதான் மில்லு பஸ்ஸுக்குப் போனாரு, எதுக்க வந்திருப்பாரு.

இங்கிட்டு வா. இந்த டம்ளரப் பாரு. உள்ள நெளியுதே, என்ன அது? கொசுப்புழுதான? எங்க எடுத்தேன்னு கேளு. புகார் குடுப்பேன்னு நேத்தே வாசல்ல நின்னு கத்துச்சு, அதான் காலையில ஆனந்த்ராஜ் வீட்டுக்குச் சண்டைக்குத்தேன் போனேன். ஒன் வீட்டு பிரிஜ்ஜ நகத்து தம்பின்னேன். முழிச்சுச்சு. பின்னாடி, ஐஸ் உருகி ஒழுகுற தண்ணி விழுகுறதுக்கு ஒரு தட்டு இருக்கும்ல, அத உருவி மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். பொதபொதன்னு புழு. அதோட பொண்டாட்டி பவித்ரா அப்படியே வாயப் பொத்திக்கிச்சு. டம்ளர்ல மோந்துக்கிட்டு வந்துட்டேன், நீ வருவ, ஒங்கிட்டக் காட்டணும்னு.

இப்ப குனிஞ்சு பாரு. ஊத்துறேன். பாத்தியா? அந்தா ஒண்ணு போச்சு. அந்தக் கருப்பு வாலுக்காரி ஒரே கடியில ரெண்டு. ஒரு நிமிசம் ஆகல தாயி, ஒரு புழு மிச்சம் இருக்கா சொல்லு? கப்பி மீனு. சுண்டுவெரல்ல பாதி கூட இல்ல, வேலையப் பாரு. இதுலயா நீ மருந்து ஊத்தப் போற?

செடியா? எல்லாம் உசுருள்ள செடி. பிளாஸ்டிக் இல்ல, தொட்டுப் பாரு. நாடா மாதிரி நீளமா ஆடுதே, அது கடையில வாங்குனது. ஒண்ணுதேன் வாங்கி நட்டேன், இப்பப் பாரு, அடியில வேரு ஓடி ஓடி பதினஞ்சு நிக்குது. அடியில செம்மண்ணு, மேல ஆத்து மணலு. இந்த வேலம்பாசி, அகரம் ஊருப் பக்கம் வாய்க்கால்ல எறங்கி நானே அள்ளியாந்தது. பச்சப் பஞ்சு மாதிரி கல்லுல ஒட்டிக் கெடக்கே, அந்தப் பாசிக்குள்ள உத்துப் பாரு. கண்ணு மட்டும் தெரியும். குஞ்சு. நேத்துப் போட்டது. இந்தச் செடி மட்டும் இல்லேன்னா பெத்ததே தின்னுரும். ஒளிய எடம் இருந்தாத்தேன் பொழைக்கும்.

ஆரம்பத்துல எனக்கு மட்டும் என்ன தெரியும். நாலு வருசத்துக்கு முந்தி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில பத்து மீனு வாங்கியாந்தேன். கொழாத் தண்ணியப் பிடிச்சு அப்படியே விட்டேன். மறுநா காலையில பத்தும் மெதக்குது. திரும்ப வாங்குனேன். தொட்டி அழுக்கா இருக்கேன்னு சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவுனேன், அதுவும் போச்சு. வீட்டுக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. எதுக்குடி இந்தப் பாவம், விட்டுத் தொலையேன்னாரு. விட மாட்டேன்னேன். அப்புறந்தேன் அந்தக் கடைக்காரப் பையன் சொன்னான், கொழாத் தண்ணியில குளோரின் மருந்து கலந்திருப்பாங்கக்கா, ரெண்டு நாளு தெறந்து வச்சிட்டு அப்புறம் ஊத்துங்கன்னு. தெறந்து வச்சா கொசு முட்ட போட்டுருமே? வீட்டுக்காரரோட பழைய வேட்டியக் கிழிச்சுத் தண்ணி டிரம்மு வாயில கட்டுனேன். அதுக்கும் ஒரு சண்ட.

சண்டைக்கெல்லாம் நான் அசரல தாயி. தொட்டிய வித்துருவேன்னாரு ஒரு நாளு. வில்லுங்க, ஆனா சோத்துக்கு ஓட்டலுக்குத்தேன் போகணும்னேன். மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு. நாலாவது நாளு அவரே மில்லுல இருந்து ஒரு பழைய டியூப்லைட்டக் கொண்டாந்து தொட்டிக்கு மேல மாட்டுனாரு. செடிக்கு வெளிச்சம் பத்தலைல்ல, அதான்னு எங்கிட்டோ பாத்துக்கிட்டுச் சொன்னாரு.

இந்தத் தெருவுலயும் அடுத்த தெருவுலயும் அறுவத்தி மூணு வீடு. ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலயும் என் மீனு கெடக்கு. காசு வாங்குறதில்ல. வேணாம்னு வெரட்டுனவுக உண்டு, மீன்காரி வாராடின்னு கதவச் சாத்துனவுக உண்டு. சாத்தட்டும். மறுநா போயி நிப்பேன். செத்துப் போச்சுன்னா வேற குடுப்பேன். ஒங்க ஆபீசர வரச் சொல்லு, நோட்டீஸ் ஒட்டச் சொல்லு, கதவு நெறைய ஒட்டட்டும். தொட்டிய எடுக்க மாட்டேன். எழுதிக்க.

இல்ல, பயப்படாத, ஒன் பேருல ஒண்ணும் வராது. நான் பேசிக்கிறேன் அவுககிட்ட.

பிரிஜ்ஜுக்குப் பின்னாடி புழு இருக்கும்னு எப்படித் தெரியும்னா கேக்குற? ஏன் தெரியாது. நீ போட்டிருக்கியே இந்தக் கோட்டு, இத ஆறு வருசம் போட்டவ நானு. இதே டார்ச்சு, இதே மருந்துப் பாட்டிலு. மகளிர் குழுவுல இருந்து கொசுப்புழு பாக்குற வேலைக்குப் போனோம் நாலு பேரு.

யாரும் நிப்பாட்டல. நானாத்தேன் நின்னுக்கிட்டேன்.

அது ஒண்ணுமில்ல. கடைசியா எனக்கு அடுத்த தெருவப் பிரிச்சுக் குடுத்தாங்க, அங்க நர்கீஸ்னு ஒரு புள்ள. அது புருசன் நைனா முகமது சமோசா போட்டுக் கடை கடையாக் குடுக்குறவரு. அவுக மாடியில ஒரு சிமிட்டித் தொட்டி. எனக்கு அப்ப முட்டி வலி, படி ஏறுனா உசுரு போகும். கதவுக்குப் பின்னாடி அட்ட ஒட்டியிருப்போம்ல, மாடி பாத்தாச்சு, புழு இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவேன். பதினோரு வாரம். அது மகளுக்கு ஏழு வயசு, பாஸிலான்னு பேரு. நான் வந்தாலே பேனாவ எடுத்துக்கிட்டு ஓடியாரும், கையெழுத்து போடுங்க டீச்சர்னு. கோட்டு போட்டிருக்கேன்ல, டீச்சர்னு நெனச்சுக்கிச்சு.

பன்னெண்டாவது வாரம் நான் போகக்கொள்ள வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க. டெங்கு. மதுரைக்குக் கொண்டு போயி, அஞ்சு நாளுதேன் தாங்குச்சு புள்ள. அதுக்கு அப்புறம் ஏறிப் பாத்த ஆளுக சொன்னாங்க, மேல தொட்டி பூராப் புழுவுன்னு. என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. பள்ளிக்கூடத்துலயும் கடிச்சிருக்கலாம், எங்கிட்டும் கடிச்சிருக்கலாம்னாங்க. கடிச்சிருக்கலாம்தேன். நான் இல்லங்கல.

மூணு மாசம் கழிச்சு நானே போயி நர்கீஸ்கிட்டச் சொன்னேன். ஏறவே இல்ல தாயி, பொய்க் கையெழுத்துன்னு. அது ஒண்ணும் வையல. கேட்டச் சாத்திக்கிச்சு, அம்புட்டுத்தேன். அப்பத்தேன் மீன் வாங்குனேன். ரெண்டு வாட்டி செத்து, மூணாவது வாட்டி நெலச்சு, குஞ்சு போட்டதும் மொதக் குஞ்சுகள ஒரு தூக்குவாளியில போட்டு அது வீட்டு கேட்டுல மாட்டிட்டு வந்தேன். சாயங்காலம் போனா மாட்டுன மாதிரியே தொங்குது. எடுத்துட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கெழமயும் மாட்டுனேன். அதுக்கு அடுத்த வெள்ளியும். அழுவல, கெஞ்சல. மாட்டுவேன், சாயங்காலம் எடுத்துக்குவேன். அந்தத் தெருவே வேடிக்க பாத்துச்சு. பாக்கட்டும்.

ஆறாவது வெள்ளி கேட்டு தெறந்து கெடந்துச்சு. நர்கீஸ் வாசல்ல நிக்கிது. வாளிய நீட்டுனேன், வாங்கல. என் மூஞ்சியக் கூடப் பாக்கல. நீங்களே கொண்டு போயி விடுங்க, மாடிப்படி வீட்டுக்குப் பின்னாடி இருக்குன்னுச்சு.

அது சொல்லித்தேன் தாயி படி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியும்.