டிவி சத்தத்தைக் கம்மி பண்ணுங்க

— இன்னா சசிரேகா, காதப் பொத்திகினு கீற? பேய்ப் படமா காட்டறேன்? பழைய டிவி கேம் ஷோ, போன் போட்டு சரியான பெட்டி நம்பரு சொன்னா மிக்ஸி குடுப்பாங்களே, அது.

— செத்துப்போன அம்மா பேசப் போறாங்கன்னு சொல்ற. பேயி இல்லாம இன்னாண்ணா இது?

— வெறும் ஃபோன் காலு. மூஞ்சி கூட தெரியாது.

— நெசமா அம்மாதானா? போன தபா இப்டித்தான், பொள்ளாச்சிலர்ந்து பேசன எவங்களோ ஒருத்தங்களுக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதோம்.

— அழுகைதான, ஃப்ரீதான? இது கன்ஃபார்ம். யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டுலர்ந்து யூடியூப்ல ஏத்தி வச்சிக்கீறான். ஓ.டி. கூட போவாம எல்லாத்தையும் பாத்தேன். கம்பெனி லைன்ல வேலைல நின்னுகினு, "சரியான பெட்டி, வாழ்த்துகள்"னு கத்திட்டேன். சூப்பர்வைசரு, மிக்ஸி எங்கடா பிரவீன்னு கேக்கறாரு.

— நீயும் ஒன் பைத்தியமும்.

— டிவில அம்மா பேரச் சொன்னாங்க. அம்மான்னா எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் கீது. தேடாம இன்னா பண்றது?

— ஜெயிச்சாங்களா?

— தெரியாது. "வாலாஜாபாத் கன்னியம்மா"ன்னு கேட்டதும் நிறுத்திட்டேன். நீ இல்லாம எப்டி கேக்கறது?

— எனக்கு வேணாண்ணா.

— ஏன்டி?

— என்னப் பெத்த அன்னிக்கேதான செத்தாங்க? எம் பொறந்தநாள்னா அப்பா படையல்தான் போடறாரு. அம்மா வூட்டு ஆளுங்க ஒருத்தரும் நம்ம வாசல மெதிக்கறதில்ல. எம் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல போல. அந்தக் கொரலக் கேட்டா, ஏன்டி என்னக் கொன்னன்னு கேக்கற மாரியே இருக்கும்.

— லூசு. மிக்ஸிக்குப் போன் போட்டவங்க, பொறக்காத புள்ளையவா திட்டுவாங்க? நீ அப்போ வயித்துக்குள்ள கீற. மூணாம் பெட்டி, மூணாம் பெட்டின்னு ஒதைச்சிகினு இருந்திருப்ப.

— சிரிக்க வைக்காத. அப்பா வந்துரப் போறாரு.

— அவரு கம்பெனி கேட்டுல டூட்டி. எறும்பு போனாலும் நிறுத்திப் பேர் கேட்டுகினு இருப்பாரு. போடட்டா?

— எனக்கு பஸ் வந்துரும்.

— வரட்டும். போடட்டா?

— போடு. கையப் புடிச்சிக்கோ.

— "ஹலோ, யார் பேசறீங்க?"

— "வாலாஜாபாத்துலர்ந்து கன்னியம்மா சார். லைனே கெடைக்கல சார்!"

— அண்ணா… எங் கொரலு மாரியே கீதுண்ணா.

— ஷ்ஷ்.

— "டிவி சத்தத்தைக் கம்மி பண்ணுங்கக்கா, எதிரொலி வருது. ம், இப்ப சரி. எந்தப் பெட்டி?"

— "ரெண்டாவது சார். இரு கண்ணு, இரு, அம்மா பேசிட்டு வந்துர்றேன்."

— கேட்டியா? கண்ணாம்! நான்தான் அது. எப்டி கத்தறேன் பாரு. அப்பவே நாம டிவி ஸ்டாரு.

— "பின்னாடி அழறது யாருக்கா?"

— "எம் பொண்ணு சார், சசிரேகா. இன்னைக்கு அவளுக்கு மொதப் பொறந்தநாள். பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி அவ பேரச் சொல்லி ஒரு வாழ்த்து சொல்லிடுங்க சார், பெரியவளானா கேக்கட்டும்."